அன்னபூரணி விற்ற பசுக்கள்

தெட்சிணாமூர்த்தி வாங்கிக் கொடுத்த பசுவை அன்னபூரணி நான்காவது முறையாக விற்றாள்.

"வெள்ளிக்கெழம அதுவுமா மாட்ட விக்கிறியே" என்றார் அவர்.

"சரி" என்றாள்.

கணினித் திரையில் பசு நின்ற இடத்தில் வெள்ளைப் புகை எழுந்து அடங்கியது. கொட்டகை காலியாக இருந்தது. வைக்கோல் தொப்பி போட்ட பெண் பொம்மை ஒன்று வேலியோரம் அடுத்த உத்தரவுக்காகக் கைகளை ஆட்டிக்கொண்டு நின்றது. அன்னபூரணி மவுஸிலிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது கை ஏற்கெனவே அங்கேதான் கிடந்தது.

அது மகன் கலைவாணன் பெங்களூருக்கு வேலைக்குப் போகுமுன் விட்டுப்போன கணினி. அதில் இந்தப் பண்ணை விளையாட்டும் இருந்தது. விளையாட்டு ஆரம்பிக்கும்போது கொஞ்சம் காசு தருவார்கள். அதற்கு ஒரு பசு வாங்கலாம், அல்லது ஆறு கோழி, அல்லது மூன்று ஆடு, அல்லது ஒரு கூட்டம் வாத்து. வாங்கியதைத் தீனி போட்டு வளர்த்துப் பண்ணையைப் பெருக்க வேண்டும். பசுவுக்குத்தான் வரும்படி அதிகம் என்று தெட்சிணாமூர்த்தி ஆங்கிலக் குறிப்பை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதியவர். எழுத்தில் இருப்பதை நம்புவார்.

அவர் ஓய்வு பெற்ற எட்டாம் மாதம், தை முடியும் சமயத்தில், மாட்டுக்குக் கழுநீர் எடுத்துப்போன அன்னபூரணி கொட்டகை வாசலில் சரிந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. சரி.

பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. ஈ உட்கார்ந்தாலும் சரிதான். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டுத் தெட்சிணாமூர்த்தி போலகத்தில் தங்கள் தெருவில் நாலு பேரை நிறுத்திச் சொன்னார். ஒரு வாரத்தில் அதைக் கேட்கவே அவருக்கு பயமாக இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள் காரைக்காலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து கைகால் பயிற்சி கொடுக்கும் பெண் ஜன்னத், துணி போட்டு மூடியிருந்த கணினியைப் பார்த்தாள். "இத ஏன் சார் சும்மா வச்சிருக்கீங்க? இடது கையாலயாவது ஏதாச்சும் செய்யட்டுமே. எதையாவது பாத்து, எடுத்து, வச்சிப் பழகினா மூளைக்கும் நல்லது."

அப்படித்தான் பண்ணை வந்தது. மனைவிக்கு மாடு என்றால் உயிர் என்பதால் தெட்சிணாமூர்த்தி யோசிக்காமல் பசுவை வாங்கினார். அவள் விற்றாள். கை தவறியிருக்கும் என்று மறுநாளும் வாங்கினார்.

மாடு உயிர் என்பது அவர் கற்பனையில்லை. எழுபத்தேழில் கல்யாணமானபோது அம்பகரத்தூரிலிருந்து அவளோடு ஒரு கிடாரியும் வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மாடு இல்லாத நாள் கிடையாது. பதினேழு கன்றுகள். விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, கறந்து, சொசைட்டிக்குப் பால் அனுப்பி, அவருக்கு எட்டேகால் பஸ்ஸுக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் மறுபடி கறவை. தெட்சிணாமூர்த்தி தன் வாழ்நாளில் மாட்டு மடியில் கை வைத்ததில்லை. கன்று போட்ட அன்று மட்டும் தேதியை நோட்டில் எழுதி வைப்பார்.

அவள் விழுந்த பிறகு கடைசி மாட்டைக் கீழத்தெரு லோகாம்பாள் வாங்கிக்கொண்டு போனாள். அப்போது அது சினையாக இருந்தது. வழக்கப்படி கயிறு கொடுக்கவில்லை. வாங்குகிறவர்கள்தான் கயிறு கொண்டுவர வேண்டும், விற்றவர் வீட்டு லட்சுமி கயிற்றோடு போய்விடக்கூடாது. மாடு போன நாளிலிருந்து அன்னபூரணி ஜன்னல் வழியே காலிக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்காக ஏங்குகிறாள் என்று தெட்சிணாமூர்த்தி முடிவு செய்தார். கன்று போட்டதும் தாயையும் கன்றையும் திரும்பத் தரும்படி லோகாம்பாளிடம் கேட்டார். அவள் இழுத்தடித்து, இவர் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிய பிறகு, கடைசியில் ஒப்புக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டிவருவதாகப் பேச்சு. மாட்டைக் கண்டதும் இன்னொரு வார்த்தை வரும். 'வா' என்றோ 'லட்சுமி' என்றோ. அவருக்கு அது போதும்.

சனிக்கிழமை ஜன்னத் வந்தாள். பயிற்சி முடிந்ததும், "அம்மா எப்படி வெளையாடுறாங்கன்னு பாக்கலாமா சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வெளையாடுறா. வாங்குனத வித்துடுறா."

"நீங்க வாங்கிக் குடுக்காதீங்க. அவங்களையே விடுங்க."

அன்னபூரணியின் கை மெல்ல நகர்ந்தது. அம்புக்குறி பசுவைத் தாண்டியது, ஆட்டைத் தாண்டியது, கோழியிடம் சற்று நின்றது, வாத்துக்குப் போய் அழுத்தியது.

"வாத்தா" என்றார் தெட்சிணாமூர்த்தி. "அது ஊர் ஊராப் போறவங்க மேய்க்கிறது. அதுல என்னா வருமானம்?"

"நீங்க என்னமோ நெஜமாவே பால் ஊத்திப் பொழைக்கிற மாதிரி பேசுறீங்களே சார்" என்று ஜன்னத் சிரித்தாள்.

வாத்துகள் குளத்தில் இறங்கித் தானாக மேயத் தொடங்கின. அன்னபூரணி பண்ணையின் கதவில் அழுத்தினாள். கதவு திறந்தது. தொப்பிப் பெண் வெளியே போனாள். சாலை, கடைத்தெரு, ஒரு பாலம், அதற்கப்புறம் கடற்கரை. அங்கே ஒரு மரப்பலகையில் உட்கார்ந்தாள். அலை வந்து வந்து போனது. அன்னபூரணி அதற்கு மேல் எதையும் தொடவில்லை. கால்மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. கதவு தெறந்ததே இல்லையே" என்றார் அவர்.

ஜன்னத் குறிப்பைத் தேடிப் படித்தாள். "மாடு இருந்தா தெறக்காது சார். கறக்காம வெளிய போக முடியாதாம். வாத்துக்கு ஆள் வேண்டியதில்ல."

அவள் போன பிறகு தெட்சிணாமூர்த்தி கூடத்தில் வெகுநேரம் நின்றார். அவருக்கு அம்பகரத்தூர் நினைவுக்கு வந்தது. மாமியார் இறந்து, எடுத்த அன்று சாயங்காலம். பதினாறாம் நாள் வரைக்கும் தங்கச்சி இருக்கட்டும் என்று அன்னபூரணியின் அக்கா கேட்டார். கறவை மாட்டை வைத்துக்கொண்டு அதெப்படி முடியும் என்று இவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, நியாயமாகத்தான் கேட்டார். சரிங்க என்று அவள் ஈரத்தலையோடு பஸ் ஏறினாள். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் பட்டினத்தில் சுவாமி கடலுக்குப் போவதைப் பார்க்கப் போகலாமா என்று கேட்பாள். போகலாம், மாட்டை யார் பார்ப்பது என்பார். சரிங்க. நாலு மைல் தூரத்தில் கடல். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை முறை கூட்டிப்போனோம் என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நோட்டில் எழுதி வைக்கவில்லை.

அவள் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு மாடு வருது. ஒனக்கு வேணுமா?"

"சரி."

"வேண்டாமா?"

"சரி."

"வேணும்னா கையத் தூக்கு."

இடது கையைத் தூக்கினாள்.

"வேண்டாம்னா தூக்கு."

தூக்கினாள். அவர் என்ன சொன்னாலும் தூக்குவாள் போலிருந்தது. முகத்தைப் பார்த்தார். அதில் எழுதியிருப்பதைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. கணினியில் விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்துப் பசுவை வாங்கி வைத்து, "இது வெளையாட்டு. நெசத்துல என்னா?" என்றார். அவள் பசுவை விற்றாள்.

ஜன்னத்துக்குப் போன் செய்தார். "அது கேம் சார். அத வச்சி அவங்க மனசுல இருக்கறத எப்படிச் சொல்றது? மாட்டப் பாத்தா சந்தோஷப்படலாம், படாமலும் போகலாம். எனக்குத் தெரியல சார்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கீழத்தெருவுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று சட்டையை மாட்டினார். என்ன சொல்வது என்று வாசலிலேயே நின்றார். பெண்டாட்டி கணினியில் வாத்து வாங்கினாள் என்றா? சட்டையைக் கழற்றி மாட்டினார். மறுபடி போட்டுக்கொண்டபோது தெருமுனையில் லோகாம்பாள் வருவது தெரிந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். மாடு, கன்று, பின்னால் வேடிக்கை பார்க்க நாலைந்து பேர்.

"எமகண்டத்துக்கு முந்தி கட்டிடுங்கண்ணே, அதான் வெள்ளனவே வந்துட்டேன்."

"லோகாம்பா, ஒரு யோசன. மாடு இன்னும் கொஞ்ச நாள் ஒங்கிட்டயே இருக்கட்டுமே."

லோகாம்பாள் மாட்டை நிறுத்தினாள். "என்னண்ணே வெளையாடுறீங்களா? மூணு மாசமா குடு குடுன்னு நாலு பேரு முன்னாடி கேட்டீங்க. எம் புள்ளைங்க கன்னுக்குட்டியப் புடிச்சிக்கிட்டு அழுவுதுங்க, நான் சமாதானம் சொல்லி ஓட்டியாந்திருக்கேன். வாசப்படி வந்த மாட்டத் திருப்பச் சொல்றீங்களே, தெரு என்னா சொல்லும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணிக்காகத்தான் மனசு எறங்கினேன்" என்றாள்.

அவள் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டாள். தெட்சிணாமூர்த்திக்கு வேறு வழி தெரியவில்லை. கயிறு எடுத்துவந்து கட்டினார்.

மாடு தன் பழைய இடத்துக்குத் தானே போய் நின்றது. ஜன்னலைப் பார்த்து ஒருமுறை குரல் கொடுத்தது. வந்தவர்கள் எல்லோரும் அன்னபூரணியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மாட்டைப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது.

"பாத்தீங்களா" என்றாள் லோகாம்பாள். "எவ்வளவு ஆச." 

இருக்கலாம் என்று நினைத்தார் அவர். அந்த நீரை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல அவரால் முடியவில்லை.

சாயங்காலம் மடி கனத்து மாடு கத்த ஆரம்பித்தது. கறக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. கன்றைச் சற்று ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினார். விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு, பித்தளைச் செம்பை முழங்காலில் இடுக்கி உட்கார்ந்தார். காம்பைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மாடு நகர்ந்தது. செம்பு உருண்டது.

அன்னபூரணி ஜன்னலருகே நாற்காலியில் இருந்தாள்.

"எப்படிடீ புடிக்கறது?"

அவள் இடது கை லேசாக உயர்ந்தது. விரல்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மடங்கின. பாதியில் நின்றன. கையைக் கீழே போட்டாள்.

"சரி" என்றாள்.

அவர் செம்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் செம்பின் அடி மறையும் அளவுக்குப் பால் இறங்கியது. மடி இன்னும் கனமாகவே இருந்தது. விடியுமுன் மறுபடி கறக்க வேண்டும். நாளை சாயங்காலம் ஒரு முறை. நாளை மறுநாள் இரண்டு முறை. நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டு அவர் இழுத்துக்கொண்டிருந்தார்.