பாண் வாங்காத ஏழு நாள்

இந்த வைகாசியில் கண்ணகை அம்மன் வாசலில் நான் சொந்தக் காலில் நிற்கிறேன். போன தை மாதம் என்னைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். அம்மனைக் கும்பிடுகிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருந்தால் என் நாக்கு அழுகிப் போகும். அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கதிரவெளிப் பக்கம். 2004 மார்கழியில் கடல் வந்து என் புருசனைக் கொண்டுபோனது. கையில் மகள் கோமதி மட்டும். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடத்து முகாமில் கிடந்தோம். அதுவரை எங்கள் வட்டையில் விளைந்த நெல்லைத்தான் மூன்று நேரமும் சோறாகவும் பிட்டாகவும் தின்றோம். முகாமில் நிவாரணமாக வந்தது கோதுமை மா. காலையில் பேக்கரிப் பாண், இரவில் ரொட்டி. பசித்த வாய்க்கு அது அமிர்தம்.

சில மாதத்தில் வயிறு கழியத் தொடங்கியது. முகாமில் யாருக்குத்தான் வயிறு சரியாக இருந்தது? தண்ணீர் சரியில்லை என்றார்கள், நானும் நம்பினேன். பூச்சிக் குளிசை தந்தார்கள், விழுங்கினேன். ஊருக்குத் திரும்பி, அங்கேயும் நிவாரண மாவைத் தின்று ஒரு வருசம் ஆகியும் விடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வெளிறி, எண்ணெய் மாதிரி, நாற்றம் தாங்காமல் போகும். வாய் முழுக்கப் புண். கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் ஊதியது.

2006 கடைசியில் சண்டை மூண்டு ஊருக்குள் ஷெல் விழுந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு காட்டுவழி நடந்தோம். ஷெல்லுக்குப் பயந்ததைவிட வழியில் வயிறு கழிந்துவிடுமோ என்றுதான் கூடுதலாகப் பயந்தேன். பற்றைக்குள் ஒதுங்கினால் கூட்டம் போய்விடும், பிள்ளை தனித்துப் போவாள். அந்தப் பயத்தை எந்தத் தாய்க்கும் அம்மன் கொடுக்கக்கூடாது.

மறுபடி முகாம். மறுபடி கோதுமை மா. என் புருசனின் அக்கா பாக்கியம் மச்சாள்தான் என்னைப் பார்த்துக்கொண்டா. தங்கமான மனுசி, ஆனால் பிடித்த பிடி விடமாட்டா.

"சோறு ஒனக்குச் செமிக்காதுகா. நோயாளிக்குப் பாண்தான் நல்லம். தேத்தண்ணியில தோய்ச்சுத் தின்னு புள்ள."

நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன கொண்டு போவார்கள்? பாண், விசுக்கோத்து. கால் வீங்கினால் பார்லித் தண்ணீர் அவித்துக் கொடுப்பார்கள். எனக்குக் காலும் வீங்கியது. மச்சாள் பார்லி அவித்தா. நான் மெலிய மெலிய அவ ஊட்டினா, அவ ஊட்ட ஊட்ட நான் மெலிந்தேன்.

2007இல் ஊர் திரும்பினோம். வருசத்தில் ஏழு நாள் சடங்குக்கு மட்டும் திறக்கிற அம்மன் கோயில் கதவு வைகாசியில் திறந்தது. அந்த ஏழு நாளும் எங்கள் வீட்டில் மீன் இல்லை, கடைச் சாமான் இல்லை. வட்டையில் விளைந்ததும் வளவில் காய்த்ததும்தான் அடுப்பில் ஏறும். பேக்கரிப் பாண் வாசல் படலைக்குள் வரக்கூடாது. எழும்பமுடியாமல் கிடந்தாலும் நான் விரதத்தை விடவில்லை. ஐந்தாம் நாள் என் வயிறு அடங்கியது! கடைசி நாள் குளிர்த்திச் சடங்குக்கு நடந்து போய் அம்மனைக் கும்பிட்டு அழுதேன். சுகம் தந்துவிட்டா என்று ஊரெல்லாம் சொன்னேன்.

கதவு சாத்தி நான்கு நாள் போகவில்லை, பழையபடி தொடங்கியது.

அடுத்த வருசமும் அப்படியே. கதவு திறந்தால் சுகம், சாத்தினால் நோய். அதற்குப் பிறகு வந்த பயம் வேறு பயம். கடலும் ஷெல்லும் எனக்கென்று வந்ததில்லை. இது எனக்கென்றே வந்ததாகத் தோன்றியது. அம்மன் தந்து தந்து பறிக்கிறா, நான் என்ன குற்றம் செய்தேன்? ஆரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அயலில் சொன்னார்கள். வயிற்றில் புற்று என்று இன்னொருத்தி என் காதுபடவே சொன்னாள். கோமதி பாயில் என் பக்கத்திலேயே இருந்து என் மூச்சைப் பார்ப்பாள்.

"அம்மா, நீங்களும் போயிருவீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அன்றைக்கு அம்மனிடம் சண்டை பிடித்தேன். "தாயே, சுகம் தராட்டிப் போகட்டும். எனக்கு என்ன எண்டாவது சொல்லு" என்று கேட்டேன்.

2009 தை மாதம் கைவிரல்கள் கோணி இழுத்து நின்றுவிட்டன. விரிக்க முடியவில்லை. வாயும் இழுத்தது. மட்டக்களப்பு வைத்தியசாலைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்றினார்கள். நான் முடிந்தேன் என்றே நினைத்தேன். சேலைன் ஏற்றினார்கள், கல்சியம் ஊசி போட்டார்கள், விரல் விரிந்தது.

அங்கே ஒரு டொக்டர், காத்தான்குடிப் பக்கத்து முஸ்லிம் பெடியன், கட்டிலோரம் கதிரை போட்டு இருந்து முழுக்கதையும் கேட்டார்.

"இந்த வயித்தோட்டம் எப்பவாவது ஓயிறதா?"

மச்சாள் முந்திக்கொண்டா. "சடங்குக்கு மட்டும் ஓயும் ஐயா. அது அம்மன்ட புதுமை."

அவர் சிரிக்கவில்லை. "சடங்குக்கு என்ன சாப்பிடுவாங்க?"

"பச்சரிசிச் சோறு, மரக்கறி, வாழைப்பழம். வேற என்ன?"

"பாண்?"

"ஐயையோ! கதவு திறந்திரிக்கக்குள்ள பாண் எடுக்கிறல்ல."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கோதுமையும் பார்லியும் சிலருடைய குடலை அரித்துவிடும், அதனால் தின்பது உடம்பில் ஒட்டாது, வளர்ந்த பிறகும் இது வரும், நம் நாட்டில் அரிதாகத்தான் காண்பார்கள் என்றார். நிச்சயமாகத் தெரியக் கொழும்புக்கு இரத்தம் அனுப்பவேண்டும். வாய்வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்க்கவேண்டும். அதுவரை பாணை நிறுத்தக்கூடாதாம். நிறுத்தினால் நோய் ஒளித்துவிடுமாம்.

சதை எடுப்பதற்கு முன் போன அந்த நான்கு நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என்னைத் தின்கிறது என்று தெரிந்த பிறகும் அந்தப் பாண் துண்டை வாயில் வைக்கவேண்டும். மகளுக்காகத் தாயே, மகளுக்காக என்று சொல்லிச் சொல்லி விழுங்கினேன்.

முடிவு வந்தது. செய்வினை இல்லை, புற்றும் இல்லை. சீலியாக் என்று பெயர். கோதுமை, ரவை, விசுக்கோத்து, பார்லி ஒன்றும் ஆயுளுக்கும் தொடக்கூடாது. இரும்புக் குளிசையும் கல்சியமும் தந்தார்கள். இனி மருந்து சோறுதான் என்றார் டொக்டர்.

மச்சாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதா. "நான்தானேகா ஒனக்கு நஞ்சு ஊட்டின?"

"வாயப் பொத்துங்க மச்சாள்," என்றேன். "நீங்க ஊட்டாட்டி நான் எப்பவோ செத்திரிப்பன்."

இந்த வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சனம் கோயிலுக்கு வந்தது. என் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி ரவைக் கேசரியைப் பிரசாதம் என்று நீட்டினாள். கண்ணில் ஒற்றிவிட்டு அவளுடைய பிள்ளையிடமே கொடுத்தேன். குற்றமாகுமோ என்று மனது ஒரு கணம் பதறியது. பிறகு பதறவில்லை.

அம்மன் தந்து பறிக்கவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். நான் கேட்பதற்கு முன்பே வருசத்துக்கு ஏழு நாள் அவ பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தா. கதவு சாத்தியதும் ஓடிப்போய்ப் பாண் வாங்கியது நான். நோயில் கிடக்கிறவர்களே, அவவை நம்பிக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். வைத்தியரிடம் போனால் விரதத்தில் என்ன தின்றீர்கள் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கோமதி இப்போது என் மூச்சைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. பாயில் விழுந்த உடனே குறட்டை விடுகிறாள்.