ஒத்தைத் துப்பாக்கி வெர்லின்

வெர்லின் ஸ்டோர்டால், ஒரு மர ஆலையில் ரம்பப் பல் தீட்டுகிறவன். முப்பத்தொரு வருஷமாக அதே பட்டறை, அதே அரம். இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். அது போன கதையை யாரும் அவனிடம் கேட்டதில்லை. மொண்டானா மலைப்பக்கத்து ஆலை ஊரில், பத்து விரலோடு ஐம்பதைத் தாண்டுகிறவனைத்தான் இவன் ஒழுங்காக வேலை பார்த்தானா என்று சந்தேகப்படுவார்கள்.

டன்லப் என்ற அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அவன் விரலைச் சொல்ல மாட்டார்கள், துப்பாக்கியைச் சொல்வார்கள். மற்ற வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் ஐந்தாறு துப்பாக்கிகள் நிற்கும். மானுக்கு ஒன்று, எல்க் என்கிற பெரிய கலைமானுக்கு ஒன்று, கிழக்கே வெட்டவெளியில் மேயும் புல்வெளி மானை எட்டிச் சுட ஒன்று, கரடிக்கென்று ஒன்று. வெர்லின் வீட்டில் அலமாரியே கிடையாது. சமையலறைக் கதவுக்கு மேல் இரண்டு ஆணி. அதில் முப்பது-ஆறு தோட்டா போடும் ரைஃபிள் ஒன்றே ஒன்று.

அவன் அப்பா வீட்டில் ஒன்பது வயிறு, ஒரு துப்பாக்கி. எது கண்ணில் பட்டாலும் அப்பா அந்த ஒன்றால்தான் சுட்டார். யாரும் பட்டினி கிடக்கவில்லை. அது வெர்லினுக்கு எலும்பில் ஊறிப்போன விஷயம்.

"அலமாரி நெறையத் துப்பாக்கி வச்சிருக்கவனுக்கு எதைத் தூக்குறதுன்னு முடிவு பண்றதுக்குள்ள மான் பேரன் பேத்தி எடுத்துரும்" என்பான், வில்லா நடத்தும் காபிக் கடையில். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் அரை மணி நேரம் அங்கே கூடுவார்கள். வேட்டைக்கு ஒரே துப்பாக்கி என்றால் எது, இதுதான் வருஷம் பூராவும் பேச்சு.

அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து காது கொடுப்பவன் ஆரின் கிப். வெர்லின் மனைவி லோயிஸின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான்.

"உன் துப்பாக்கி எல்லாம் சுடும் மாப்ளே. சட்டி கழுவுமா?" என்று எப்போதாவது ஒன்று விடுவான். கடையே சிரிக்கும்.

ஒரே துப்பாக்கியால் எல்லாவற்றையும் சுட வெர்லின் ஒரு வழி வைத்திருந்தான். தோட்டாவை வீட்டிலேயே இரண்டு தினுசாகச் செய்வான். புல்வெளி மானுக்கு லேசான குண்டு. அது நேராக, வேகமாகப் போகும். பெரிய மிருகத்துக்குக் கனமான குண்டு. அது இருநூறு கெஜத்துக்குள் ஒரு ஜாண் தாழ்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட, ரைஃபிள் மேலிருக்கும் குறிநோக்கியில் ஒரு திருகு உண்டு. மூடியைக் கழற்றி, ஒரு காசை வைத்துத் திருகினால் சொடுக்குச் சொடுக்கென்று சத்தம் வரும். லேசுக் குண்டுக்குப் பூஜ்யம். கனக் குண்டுக்குப் பதினாறு சொடுக்கு மேலே. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டியிருந்தான்.

"பதினாறு சொடுக்கு. அம்புட்டுதான். அதுக்கு எதுக்குடா இன்னொரு துப்பாக்கி?" என்பான்.

1987 ஜூன் மாதம் ஆரினுக்கு ஒரு கடிதம் வந்தது. மூஸ் சுட அனுமதிச் சீட்டு. மூஸ் என்றால் குதிரையைவிட ஒரு முழம் உயரம்; முறம் முறமாகக் கொம்பு. அதைச் சுட அரசாங்கம் குலுக்கல் போட்டு ஒரு கை எண்ணிக்கை பேருக்குத்தான் சீட்டுக் கொடுக்கும். ஆரின் இருபத்திரண்டு வருஷம் விடாமல் எழுதிப் போட்டவன். அன்று காலை சீட்டைக் கடையில் மேசைமேல் வைத்தான். யாரும் காபிக் கோப்பையை அதன் பக்கத்தில் வைக்கவில்லை.

"என் பழைய நெம்புகோல் துப்பாக்கி போதும்ல மாப்ளே?"

"அதுவா? அதை வச்சு மூஸோட முதுகைச் சொறிஞ்சு விடலாம் மச்சான். கண்ணை மூடிக்கிட்டு நிக்கும். என்னுதை எடுத்துக்கோ. கூட நானும் வர்றேன்."

ஆரின் கொஞ்சம் யோசித்தான். நெம்பி நெம்பித் தோட்டா ஏற்றும் அந்தப் பழைய துப்பாக்கியை இருபது வயதிலிருந்து வைத்திருக்கிறான். ஆனால் வெர்லின் விடவில்லை. கோடை முழுக்க நச்சரித்தான். ஆகஸ்டில் ஆரின் அதை ஒரு மரமறுக்கும் இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டான். மிச்சம் அவனிடம் இருந்தது மான் சுடும் சின்ன ரைஃபிள் ஒன்றுதான். இருவரும் கல்லுடைக்கும் பள்ளத்துக்குப் போய்க் கனக் குண்டு போட்டுக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தார்கள். பதினாறு சொடுக்கு. ஆரின் சுட்ட மூன்று குண்டும் காகிதத்தில் ஒரு கோப்பை வாயளவு வட்டத்துக்குள் விழுந்தன.

அப்போதே அவன் வலது கையில் லேசான நடுக்கம் தொடங்கியிருந்தது. சர்க்கரை கலக்கும்போது கரண்டி கோப்பையில் டிங் டிங்கென்று தட்டும். வில்லா அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அவனுக்கு மட்டும் அரைக் கோப்பைதான் ஊற்றுவாள். தீர்ந்ததும் இன்னொரு அரை.

அக்டோபர் இரண்டாம் வாரம் வெர்லின் கிழக்கே போய்ப் புல்வெளி மான் ஒன்று சுட்டு வந்தான். அதற்காகத் திருகைப் பூஜ்யத்துக்கு இறக்கினான். வீட்டுக்கு வந்து ரைஃபிளைத் துடைத்தான், எண்ணெய் போட்டான், ஆணியில் மாட்டினான். திருகு ஞாபகமே வரவில்லை.

பத்து நாள் கழித்து இருவரும் மலை ஏறினார்கள். விடிந்த கொஞ்ச நேரத்தில் சதுப்பு ஓரம் ஒரு கிழட்டு ஆண் மூஸ் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று தழை தின்றுகொண்டிருந்தது. இருநூறு கெஜம். ஆரின் விழுந்து கிடந்த மரத்தின்மேல் ரைஃபிளைச் சாய்த்து, நிதானமாக மூச்சு விட்டான். வெர்லின் பக்கத்திலிருந்து பார்த்தான். விசைமேல் இருந்த விரல் ஆடவே இல்லை. குண்டு கிளம்பியது. வெர்லினின் பைனாகுலரில், மூஸின் நெஞ்சுக்குக் கீழே தண்ணீர் எகிறியது தெரிந்தது. மிருகத்தின் முன்னங்கால் ஒருதரம் மடங்கியது. அடுத்த நொடி அது புதருக்குள் போய்விட்டது.

அன்று முழுக்கத் தேடினார்கள். ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போனது. மறுநாள் மதியம் பனி விழத் தொடங்கி, அந்தச் சொட்டையும் மூடிவிட்டது. ஆரின் களைத்துப்போய் ஒரு கட்டையில் உட்கார்ந்தான். ரைஃபிள் வெர்லின் தோளில் இருந்தது. அந்தத் தண்ணீர் எகிறிய இடம் நேற்றிலிருந்து அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒன்றுக்குப் போவதுபோல் புதருக்குப் பின்னால் ஒதுங்கினான். திருகின் மூடியைக் கழற்றினான்.

பூஜ்யம்.

கனக் குண்டு போட்ட ரைஃபிளில் திருகு இன்னும் புல்வெளி மானுக்கு வைத்த இடத்திலேயே நின்றது. பையில் துழாவிக் காசை எடுத்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பதினாறு சொடுக்குத் திருகினான். மூஸ் மறுபடி கிடைத்தால் வேண்டுமே என்றுதான் திருகினான். அப்படித்தான் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

ஆரின் மடியில் சீட்டு இருந்தது. கையில் கத்தி.

"என்ன பண்றே மச்சான்?"

"தேதியை வெட்டுறேன்."

மிருகம் கையில் கிடைத்தால்தான் சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்ட வேண்டும் என்பது சட்டம். காயப்பட்டுத் தொலைந்ததற்கு வெட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் டன்லப்பில் ஒழுங்கானவன் வெட்டுவான். ரத்தம் பார்த்துவிட்டால் அது உன் மிருகம். இன்னொன்றைத் தேடிப் போகக் கூடாது. அதிகாரி பார்க்கிறானா என்பதெல்லாம் பேச்சே இல்லை.

"இன்னும் அஞ்சு வாரம் சீசன் இருக்கு."

"அது எனக்கும் தெரியும் மாப்ளே." கத்தி முனை சீட்டின் ஓரத்தில் தடுமாறியது. பிடித்து அழுத்தி வெட்டினான். இருபத்திரண்டு வருஷம் இரண்டு சின்னத் துண்டாகப் பனியில் விழுந்தது. "கை ஆடிருச்சு. விசையை அழுத்துறப்போ ஆடிருக்கு. எனக்கே தெரியல பாரு."

வெர்லின் வாயைத் திறந்தான். சொல் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"குளிருதா மச்சான்?"

"குளிராம என்ன?"

திரும்பும் வழியில் கல்லுடைக்கும் பள்ளத்தருகே ஆரின் வண்டியை நிறுத்தச் சொன்னான். "ஒரு தடவை பாத்துருவோம். மலை ஏறுறப்போ துப்பாக்கி எங்கயாச்சும் இடிச்சிருக்கலாம்ல. நீ சுடு. உன் கை உறுதியான கை."

காபித் தகர மூடி ஒன்றை இருநூறு கெஜத்தில் வைத்துவிட்டு வந்தான். அந்த நேரத்தில்கூட வெர்லின் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே குறி தப்பவாவது விட்டிருக்கலாம். ஆனால் ஒரே துப்பாக்கி என்று இருபது வருஷம் கடையில் மார்தட்டினவனின் கை, தகரத்தைப் பார்த்ததும் தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. மூடியின் நட்ட நடுவில் ஓட்டை விழுந்தது.

ஆரின் மூடியை எடுத்து வந்து ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான்.

"துப்பாக்கியில குத்தமில்ல" என்றான்.

அடுத்த திங்கட்கிழமை அவன் பேருந்துச் சாவியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டான். டாக்டர் அது வயதோடு வரும் சாதாரண நடுக்கம், தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றுதான் சொன்னார். லோயிஸ் கெஞ்சினாள்.

"டாக்டர் சொல்றாருல்ல அண்ணே, அப்புறம் என்ன பிடிவாதம்?"

"டாக்டரு என்னைய நாற்காலியில உக்கார வச்சுப் பாத்தாரு. நான் என் கையை மலையில பாத்தேன். நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு அந்தக் கையால வளைவு திருப்பச் சொல்றியா?"

வெர்லின் அப்போது அந்த மேசையில்தான் இருந்தான். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தான். லோயிஸ் "நீங்களாவது சொல்லுங்களேன்" என்றபோது, "அவன் கை, அவனுக்குத் தெரியாதா?" என்றான். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

கிறிஸ்துமஸுக்கு ஆரின் தன் சின்ன ரைஃபிளைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"இந்தா மாப்ளே. எனக்கு இனிமே எதுக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு இருக்கே."

"அதான் வேடிக்கை. ஒத்தைத் துப்பாக்கிக்காரன் வீட்ல ரெண்டு. வில்லா கடையில உன் மானத்தை வாங்குறேன் பாரு!" என்று சிரித்தான். வாங்க மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். வெர்லின் வாங்கிக்கொண்டான். கதவுக்கு மேலே இன்னும் இரண்டு ஆணி அடித்தான்.

அதற்கப்புறம் ஆறு சீசன். ஒவ்வொரு வருஷமும் ஆரின் கூட வருவான். மலையடிவாரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து, பிளாஸ்கில் காபி வைத்துக்கொண்டு காத்திருப்பான். வெர்லின் இறங்கி வந்ததும், "எங்க, எத்தனை கெஜம், எப்படி நின்னுச்சு?" என்று ஒன்று விடாமல் கேட்பான். வெர்லின் ஒவ்வொரு தடவையும், இந்த வருஷம் வண்டியில் வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்புவான். போகும்போது சொன்னால் அவனுக்கு அன்றைய நாள் கெட்டுப்போகும், வரும்போது சொல்லலாம் என்று நினைப்பான். வரும்போது ஆரின் தூங்கிவிடுவான். தூங்கவில்லை என்றாலும் சொல்லவில்லை. ஆறு வருஷத்துச் சாக்கையும் அவன் வரிசையாகச் சொல்வான், கேட்டால். கேட்கத்தான் ஆளில்லை.

ஏழாம் வருஷம் மார்ச்சில் ஆரின் இறந்தான். மாரடைப்பு. பெட்டியில் வைக்கும்போது வெர்லின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அசையாமல் கிடந்தது. சதுப்போரம் அன்றைக்குக் கிடந்த மாதிரியே.

இந்த வருஷம் செப்டம்பரில் ஆலைக்குப் புதிதாக ஒரு லாரி டிரைவர் வந்தான். லாவெல் என்று பேர், ஐடஹோக்காரன், நாற்பது வயதிருக்கும். காபிக் கடையில் வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

"வீட்டுக்காரி துப்பாக்கி ஒண்ணுதான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குறா. எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி எது வாங்கலாம்? ஊர்ல கேட்டா உங்களைத்தான் கைகாட்டுறாங்க அண்ணே."

எல்லாரும் வெர்லினைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். "கிளம்பிருச்சுடா பிரசங்கம்" என்றான் ஒருவன்.

வெர்லின் பாதி விரலால் மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "துப்பாக்கி எதுவா இருந்தாலும் சுடும் தம்பி" என்று தொடங்கினான். பதினாறு சொடுக்கைச் சொன்னான். புல்வெளி மானைச் சொன்னான். பூஜ்யத்தைச் சொன்னான். புதருக்குப் பின்னால் காசை எடுத்ததையும் காபித் தகர மூடியையும் சொன்னான்.

வில்லா காபிக் கூஜாவோடு நின்றிருந்தாள். அறுபத்தைந்து வயது ஆகிறது அவளுக்கு. ஆரின் உட்காரும் நாற்காலியை யாராவது இழுத்தால் இன்னும் முறைப்பாள்.

"ஆரின்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஆறு வருஷம் உன் எதிர்லயே உக்காந்திருந்தான்யா."

"ஆமா."

வில்லா லாவெலின் கோப்பையை நிரப்பினாள். அடுத்தவனுக்கு ஊற்றினாள். அதற்கடுத்தவனுக்கும் ஊற்றினாள். வெர்லினின் கோப்பையைத் தாண்டி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஆலைச் சங்கு ஊதியது. ஒவ்வொருவராக எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் போனார்கள். வெர்லின் காலிக் கோப்பையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான். முப்பத்தொரு வருஷத்தில் அவன் வேலைக்குத் தாமதமாகப் போனது அன்றைக்குத்தான்.