செத்தவளின் இடது கை

நாடகக் கம்பெனியில் எல்லோரும் அவளை இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருஷமாக அதுதான் பெயர். உடை அறையில் ஜன்னலை ஒட்டி அவளுடைய மேசை. அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, கம்பளிமேல் ஓரம் கருகிய வெள்ளைத் துணி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் தெளிக்கும் குப்பி. காலரை நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். மாற்றித் தேய்த்தால் நுனியில் சுருக்கம் விழும். வெல்வெட்டை முன்பக்கம் தொடவே கூடாது. திருப்பிப் போட்டு ஆவி மட்டும் காட்ட வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தூக்கம்தான் தெரியாது.

கண் விழிக்கும் முன்பே வீட்டில் யாராவது எதையாவது கேட்டுவிடுவார்கள். "சாவி எங்கே?" என்பார் லாரி ஓட்டும் வீட்டுக்காரர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே. "அம்மா, என் நீலச் சட்டை?" என்பாள் மகள். கம்பெனிக்கு வந்தால் "அக்கா, பட்டன்", "அக்கா, நாடா", "அக்கா, இந்தக் கறை போகுமா?" ஓடி ஓடி அவள் ஒடிந்து விழுகிற மாதிரி ஆகியிருந்தாள். அந்த ஒல்லி உடம்புதான் அவளை ஒருநாள் இளவரசி ஆக்கியது.

அந்த வருஷம் கம்பெனி அகலக்கால் வைத்தது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாடகம், கல்லூரியில் பாடமாக வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற ரகம், தமிழில். கிழட்டு ராஜா ஒருவர், இனிக்கப் பேசின இரண்டு மகள்களுக்கு நாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, உண்மையைச் சொன்ன கடைசி மகளை விரட்டிவிடுகிறார். கடைசியில் அந்த மகளின் பிணத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கதறுகிறார். ராஜாவாக நடிக்க வந்தவர், முப்பது வருஷம் சினிமாவில் ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்கவிட்ட ஹீரோ.

சிக்கல், தூக்குவதில் வந்தது. கடைசி மகளாக நடித்த பெண் கூடைப்பந்து ஆடுகிற உயரம். ஒத்திகையில் ஹீரோ அவளைத் தூக்கப் போய், குனிந்தவர் குனிந்தபடியே கார் ஏறிப் போனார். மறுநாள் டைரக்டர் கிடங்கிலிருந்து பார்சல் எடை போடும் தராசை வரவழைத்துக் கம்பெனியில் இருந்த அத்தனை பேரையும் நிறுத்துப் பார்த்தார். அந்தப் பக்கமாகத் துணி மூட்டையோடு போன இஸ்திரியக்காவையும் ஏறச் சொன்னார். மூட்டையோடு நாற்பத்தேழு. மூட்டையை இறக்கிவிட்டு முப்பத்தொன்பது.

"இதுதான் நம்ம இளவரசி" என்றார் டைரக்டர். "முகத்துல முடியைப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"நான் என்னங்க செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"ஒண்ணும்னா?"

"அக்கா, செத்துக் கிடக்கணும். நாலு நிமிஷம். அவ்வளவுதான்."

நாலு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி என்று அவளுக்குப் புரியவே மூன்று நாள் ஆனது. முதல் ஒத்திகையில், செத்துக் கிடந்தபடியே ராஜாவின் அங்கியில் ஒரு மடிப்பை நீவிச் சரிசெய்தாள். இரண்டாவதில், யாரோ "ஊக்கு எங்கே?" என்று கேட்டதற்குப் பிணம் பதில் சொல்லிவிட்டது. மூன்றாவது நாள்தான் அவள் உண்மையாகவே செத்தாள். பலகை குளிர்ச்சியாக இருந்தது. ஹீரோ மேலே எங்கேயோ அழுதுகொண்டிருந்தார். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. பிணத்தை வேலை ஏவுகிறவன் உலகத்தில் கிடையாது என்று அவளுக்கு அன்றுதான் தோன்றியது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கென்று கிடைத்த முதல் நாலு நிமிஷம் அது.

வீட்டில் சொன்னபோது, "ஹீரோ உன்னைத் தூக்குறாரா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ பார்க்கத்தான் லேசு."

முதல் காட்சியன்று ஹீரோ அவளைக் கைகளில் ஏந்திக்கொண்டு மேடைக்கு வந்தார். எட்டு அடி நடக்க வேண்டும். ஐந்தாவது அடியில் அவர் மூச்சு நின்றது.

"அக்கா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, "முதுகு."

ஈரத் திரைச்சீலைகளை மூன்று மாடி சுமந்து ஏறியவள் அவள். தொங்குகிற மூட்டை கனக்கும், ஒட்டிக்கொள்கிற மூட்டை கனக்காது. யோசிக்கவே இல்லை. செத்துப்போன இளவரசி தன் இடது கையை எடுத்து அப்பாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். பாரம் அவர் தோளுக்கு ஏறியது. மீதி மூன்று அடியையும் அவர் ராஜாவாகவே நடந்துவிட்டார்.

அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மாடியிலிருந்து ஒரு ஆள், "ஐயோ, செத்தும் பாசம் போகலையே!" என்று கத்தினார். அவ்வளவுதான், அணை உடைந்தது. அழுகையும் விசிலும் ஒன்றாக வந்தன. பெண்ணைப் பெற்றவர்கள் எழுந்து நின்று மூக்கைச் சிந்தினார்கள்.

மறுநாள் பத்திரிகைகள் வந்தன. மகள் அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு வாசித்தாள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். இதே நாடகத்தைப் பரீட்சைக்குப் படித்து அறுபத்தொரு மார்க் எடுத்தவள்.

"'இந்த ஹீரோவின் நாடகத்தில் செத்தவர்கள்கூட ரசிகர்களாகி அவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள்.' இது ஒண்ணு. 'நானூறு ஆண்டுகளாக இறந்துகொண்டிருந்த இளவரசியை ஒரே மாலையில் பிழைக்கவைத்திருக்கிறார்கள். அடுத்த காட்சியில் அவளுக்குக் கல்யாணமும் செய்துவைக்கலாம்.' இது மூக்குக்கண்ணாடி எழுதினது. இருக்கிறதுலேயே பெரிய விமர்சகர்மா அவர்."

"என்னைத் திட்டியிருக்காங்களா?"

"உன்னைன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனா அவங்க சொல்றது சரிதான். செத்தவ கையைப் போட மாட்டா. அவ செத்துட்டாங்கிறதுதான் நாடகமே. அந்த அப்பா இனி என்ன கெஞ்சினாலும் அவ வர மாட்டா. நீ வந்துட்டே."

"நான் வரலைன்னா அவர் விழுந்திருப்பாரு."

மகள் பத்திரிகையை மடித்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றாள். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று அன்று முழுக்க அவள் குழம்பியிருக்க வேண்டும். குழம்பில் உப்பு இல்லாததைக் கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

விமர்சகர்கள் திட்டத் திட்டக் கூட்டம் பெருகியது. டிக்கெட் ஜன்னலில், "கை போடுற ஷோ எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். இரண்டாம் வாரம் டைரக்டர் பொறுமை இழந்தார். பத்து வருஷமாக மனதில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்த நாடகம், ஒரு கையில் வந்து முடிந்ததை அவரால் தாங்க முடியவில்லை.

"நாளைக்குக் கை தொங்கணும்" என்றார்.

"கை தொங்கினா நானும் தொங்கிடுவேன்" என்றார் ஹீரோ.

"ஜனம் கையைப் பார்க்கத்தான் சார் வருது" என்றார் மேனேஜர்.

மூன்று நாளில் ஒரு பொம்மை வந்து இறங்கியது. பஞ்சு அடைத்தது, ஆறு கிலோ. ஹீரோ தூக்கிப் பார்த்துவிட்டு அந்த நிமிஷமே கட்சி மாறினார். "ஆறு கிலோதானா? இதைத் தூக்கிக்கிட்டு ஒரு பாட்டுக்கே ஆடுவேனே!" கழுத்தை மட்டும் இன்னும் தைத்து இறுக்க வேண்டியிருந்தது, தூக்கினால் தலை முதுகுப் பக்கம் திரும்பிப் பின்னால் வருகிறவர்களை முறைத்தது. இளவரசியின் வெள்ளை அங்கியைப் பொம்மைக்குத் தேய்த்துப் போடும்படி இஸ்திரியக்காவிடமே கொடுத்தார்கள்.

அவள் தேய்த்தாள். பாதியில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நேராக டைரக்டர் அறைக்குப் போனாள்.

"ஐயா, நானே படுத்துக்கிறேனே."

டைரக்டர் நிமிர்ந்தார். "என்னக்கா, நடிப்பு ஆசை வந்துடுச்சா?"

"நடிப்பெல்லாம் இல்லைங்க. படுக்கணும்."

அவருக்கு விளங்கவில்லை. "கை தொங்கணுமே. தொங்கினா அவருக்கு முதுகு போயிடும்."

"ராஜா அங்கிக்கு உள்பக்கமா, ரெண்டு தோளுக்கும் குறுக்கே தடியா ஒரு நாடா தைச்சுடறேன். யாருக்கும் தெரியாத வலது கையால அதைப் பிடிச்சுக்குவேன். பாரம் தோளுக்குப் போயிடும். இடது கை தொங்கட்டும், உங்க இஷ்டத்துக்கு."

டைரக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பதினோரு வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. "சரி. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. மூக்குக்கண்ணாடியை மறுபடியும் பார்க்கக் கூப்பிட்டிருக்கேன். ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு. கை அசைஞ்சுதுன்னா திங்கள்கிழமையிலிருந்து பொம்மைதான். புரியுதா?"

"புரியுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். மூக்குக்கண்ணாடி மூன்றாம் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மகளும் வந்திருந்தாள், அவளுக்கு மாடியில்தான் இடம் கிடைத்தது. கடைசிக் காட்சியில் ஹீரோ இஸ்திரியக்காவைத் தூக்கினார். நாடா பிடித்தது. எட்டு அடியும் வழுக்கிக்கொண்டு போனது. இடது கை, காயப்போட்ட சட்டைக் கை மாதிரி தொங்கியது. அவளைப் பலகையில் கிடத்தி, தலையை மட்டும் மடியில் தாங்கிக்கொண்டு ஹீரோ அழ ஆரம்பித்தார்.

அரங்கு காத்திருந்தது. கை வரவில்லை.

"கை" என்றது மாடியில் ஒரு குரல், ஞாபகப்படுத்துகிற மாதிரி.

"கையைப் போடும்மா!" என்றது இன்னொன்று.

"மறந்துட்டா போல!"

"பெத்த அப்பன்மா! ஒரு கை போட்டா குறைஞ்சா போயிடுவே?"

கொஞ்ச நேரத்தில் அரங்கு முழுவதும், "கை! கை!" என்று தாளம் போட்டது. பக்கத் திரைக்குப் பின்னால் மேனேஜர் தன் கையையே தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே நின்ற டைரக்டர் விரலை ஆட்டி வேண்டாம் என்று கும்பிட்டார். இரண்டும் அவளுக்குத் தெரியவில்லை, கண் மூடியிருந்தது. சத்தம் மட்டும் கேட்டது. வீட்டில் இரண்டு பேர் ஏவினார்கள், கம்பெனியில் முப்பது பேர். இப்போது எண்ணூறு பேர். 'செத்தாலும் விட மாட்டீங்களாடா' என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறந்ததிலிருந்து யாராவது கேட்டு அவள் செய்யாமல் இருந்ததில்லை. அன்று செய்யவில்லை. சும்மா கிடந்தாள்.

அப்போது அந்த எண்ணூறு குரலுக்குள் ஒரு குரல் தனியாகக் கேட்டது. "அம்மா, கை!"

அறுபத்தொரு மார்க் வாங்கிய குரல். செத்தவள் கை போட மாட்டாள் என்று அடுப்படியில் பாடம் நடத்திய குரல். அழுகையோடு வந்தது. பெற்ற உடம்புக்கு விமர்சனம் தெரியுமா? தோள் துடித்தது. அதை அடக்கினாள். முழங்கையை அடக்கினாள். சுண்டுவிரல் மட்டும் அடங்காமல் ஒரு தரம் துள்ளிவிட்டு விழுந்தது.

போச்சு, என்று நினைத்தாள்.

கத்தியவர்கள் களைத்து ஓய்ந்தார்கள். ஓய்ந்தபிறகுதான் ஹீரோ அழுவது முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்டது. திரை இறங்கியபோது கைதட்டலும் இருந்தது, திட்டும் இருந்தது. "கல்நெஞ்சக்காரி" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் இரண்டடி பின்னாலேயே வந்தாள்.

"நீயுமா கத்தினே?" என்றாள் அம்மா.

"தெரியாம வந்துடுச்சும்மா. அவங்க சொல்றதுதான் சரின்னு இன்னமும் நினைக்கிறேன். ஆனா நீ கிடந்ததைப் பார்த்தப்போ..." மகள் மூக்கை உறிஞ்சினாள். "நான் என்ன படிச்சேன்னே தெரியல."

"நல்லா கத்துனே போ. என் நாலு நிமிஷம் போச்சு."

திங்கட்கிழமை அவள் மேசைக்கு வந்தபோது டைரக்டர் அங்கே காத்திருந்தார், கையில் பத்திரிகையோடு. மூக்குக்கண்ணாடி அரைப் பக்கம் எழுதியிருந்தார். ரசிகர்களை நாலு பத்தி திட்டிவிட்டு, ஐந்தாம் பத்தியில் உருகியிருந்தார்: 'அந்தச் சுண்டுவிரல்! அது உயிரா, காற்றா, தகப்பனின் கண்மயக்கமா? இயக்குநரின் நுட்பத்துக்கு அந்த ஒரு துடிப்பு போதும்.'

"அக்கா" என்றார் டைரக்டர், குரலைத் தாழ்த்தி. "நீங்களே படுங்க. ஆனா அந்த விரல், தினமும் அதே இடத்துல வேணும்."

"வராதுங்க."

"ஏன் வராது?"

"அதுக்கு என் மக தினமும் மாடியில உக்காந்து அழணும்."

"கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்களேன்."

"முடியாதுங்க" என்றாள் இஸ்திரியக்கா. அந்தச் சொல் தன் வாயில் இவ்வளவு எளிதாகப் புரளும் என்று அவளுக்கே தெரியாது. "ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு சொல்லித்தானே என்னைப் படுக்கவெச்சீங்க? ஒண்ணும்னா ஒண்ணும்தான்."

டைரக்டர் பத்திரிகையை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். "சரி" என்றார் கடைசியில். "ஒண்ணும் செய்ய வேண்டாம். அப்போ இந்தப் பொம்மையை என்ன பண்றது?"

பொம்மை மூலையில் சாய்ந்து, தலையை முதுகுப் பக்கம் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்க என் பக்கத்துல நிறுத்துங்க" என்றாள் அவள், வெல்வெட் அங்கியைத் திருப்பிப் போட்டபடி. "காலர் மாட்டிப் பார்க்க ஆள் இல்லாம தவிக்கிறேன். வேலைக்கு ஆகும்."