மூன்று வாசல் நாயின் மாதச் செலவு

1987 பெப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் எழுந்து அடிபம்பில் தண்ணீர் அடித்து அண்டாவை நிரப்பினேன். பிறகு இறைச்சிக் கடைக்குப் போய் எங்களுக்குக் கால் கிலோ ஆட்டிறைச்சியும், வீமனுக்கு ஒரு ரூபாய்க்கு நாய் எலும்பும் வாங்கினேன். நாய் எலும்பு என்று தனியாக ஒரு சாமான், அதற்குத் தனியாக ஒரு விலை. கிழக்குத் தாம்பரத்துக்கு அகதியாக வந்து ஒன்றரை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் வளவில் நின்ற நாய்க்கு நாம் எப்போது செலவு பார்த்தோம்? மீன் தலையும் பானையின் அடிச்சோறும் தின்று, வேலிக்குள்ளேயே அது வளர்ந்தது. அயல்வீட்டுக்காரர் அதற்கு ஒரு பிடி சோறு வைத்தால்கூட, நாங்கள் பட்டினி போடுகிறோம் என்று சொல்லிக்காட்டுவது போலாகிவிடும். பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சிருக்காது. இங்கே வேலி இல்லை. ஒரே காம்பவுண்டுக்குள் முன்னால் வீட்டுக்கார அம்மா தனலட்சுமி, பின்னால் ஸ்டெல்லாவின் குடும்பம், பக்கத்தில் நாங்கள். போன ஐப்பசி மழைக்கு ஒதுங்கி வந்த குட்டி எங்கள் வாசலில் படுத்துக்கொண்டது. மனைவி சரோ வீமன் என்று பெயர் வைத்தாள்.

இறைச்சியை அவளிடம் கொடுத்துவிட்டு மாத வரவுசெலவு எழுத உட்கார்ந்தேன். ஜெர்மனியில் இருக்கும் தம்பிக்கு வேலை குறைந்துவிட்டது. வழக்கமாக அனுப்பும் பணத்தில் பாதிதான் வந்திருந்தது. வீமனுக்குப் பால், எலும்பு, வயிற்று மருந்து. இரவில் அது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால் வயிற்றுக்கோளாறு என்று மருந்து கொடுத்து வந்தோம். இந்த மாதம் ஊசியும் கழுத்துப் பட்டையும் அதில் தொங்கவிடும் நகராட்சி உரிம வில்லையும் சேர்ந்துகொண்டன. வில்லை இல்லாத நாய்களைச் செவ்வாய்க்கிழமை முதல் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று வாரம் முழுவதும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமையே நான் நகராட்சிக்குப் போயிருந்தேன். "ரேஷன் கார்டு கீதா சார்?" என்றார் குமாஸ்தா. எங்களைப் போன்றவர்களுக்கு ரேஷன் கார்டு ஏது? போலீஸில் பதிந்த தாளை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினேன். இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "இது உங்களைப் புடிக்காம இருக்கறதுக்கு சார். நாய்க்கு உள்ளூர்க்காரங்க கார்டு வேணும்" என்று திருப்பித் தந்தார். அவர் கேலி செய்யவில்லை.

பத்திரிகையை நிறுத்தினேன், மாலைத் தேநீரை நிறுத்தினேன். கணக்கு இன்னும் துண்டு விழுந்தது.

"இஞ்சாருங்கோ, என்ரை பிரஷர் குளிசையை ஒரு மாசம் விட்டுப் பாப்பமே?" என்றாள் சரோ.

"விசர்க் கதை கதையாதையும்" என்றேன். "வீமனை ஆருக்காவது குடுத்திடுவம்."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

யாரிடமாவது விசாரிக்கலாம் என்று முன்வீட்டுக்குப் போனேன். அங்கே வீமன் ஒரு அலுமினியத் தட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தது. தட்டு அதற்கென்றே வைத்திருந்தது. "துன்னுடா மணி" என்றார் தனலட்சுமி அம்மா. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்தவர் சோற்றில் எங்கள் நாய்! சட்டைப் பையில் இருந்து ஐந்து ரூபாயை எடுத்து, "இவ்வளவு நாளும் தின்றதுக்கு..." என்று நீட்டினேன்.

"இன்னா சார் இது, சோத்துக்குத் துட்டா? அது காதுல வுழுந்தா அதுக்கே வெக்கமா பூடும். உள்ள வை சார்!"

எங்கள் மருந்து நோயுள்ள வயிற்றுக்கல்ல, நிறைந்த வயிற்றுக்குப் போனது என்று அப்போதுதான் விளங்கியது. தயங்கித் தயங்கி வில்லை விஷயத்தைச் சொன்னேன். அவர் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏம்மா ஸ்டெல்லா, உன் ஜிம்மியைப் புடிச்சினு போவப் போறாங்களாம்!" பின்வீட்டில் வீமனுக்கு அந்தப் பெயர்.

ஸ்டெல்லா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "எவன் புடிப்பான்? ஊசிக்கு நான் தரேன் அண்ணா. ஞாயித்துக்கிழமை கறி துன்னுட்டுப் போறப்ப எங்க நாய், செலவுன்னா மட்டும் உங்க நாயா?"

"கார்டு, வில்லைத் துட்டு ரெண்டும் என்னுது. பெல்ட்டு சார் வாங்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார் தனலட்சுமி அம்மா. "உங்க வாசல்லதான சார் படுக்குது?"

கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்புப் பட்டை ஒன்று வாங்கி வந்தேன். வரவுசெலவில் மருந்தையும் ஊசியையும் வில்லையையும் அடித்துவிட்டேன். மனம் லேசாகியிருக்க வேண்டும், முழுதாக ஆகவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது சரோ கேட்டாள்: "இனி வீமன் அவவின்ரை கார்டிலை. நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போகேக்கை கூட்டிக்கொண்டு போக விடுவினமே?"

கப்பல் செலவை நான் எந்த மாதத்திலும் எழுதியதில்லை. வீமனுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும்தான்.

திங்கட்கிழமை காலையில், பம்படிக்குப் போகும் முன்பே, முதல் வேலையாகப் பட்டையை அதன் கழுத்தில் கட்டினேன். ஒரு துளை தளர்த்தி விட்டேன்; வளர்கிற நாய். உடனே அது முன்வீட்டுக்கு ஓடியது. "வீமன்!" என்று கூப்பிட்டேன். அங்கிருந்து "மணி!" என்று குரல் வந்தது. சிவப்புப் பட்டையோடு அடிபம்பின் அருகில் நின்று, இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்து வாலாட்டியது. நான் மறுபடி கூப்பிடவில்லை.