வெள்ளை மண் வளைவு

வளைவில் மோட்டார் சைக்கிள் ஏன் வழுக்குகிறது என்று எந்த இன்ஜினீயரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்றைக்கு ஜங்ஷன் ரோட்டில் மூன்று ஷட்டர் வைத்த ஒர்க்‌ஷாப் என்னுடையது. காலேஜ் படித்த பையன்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "திருப்பத்துல வண்டி இழுக்குதுங்க ஐயா" என்று நிற்பார்கள். டயரின் ஓரத் தேய்மானத்தை ஒரு பார்வை பார்த்து, இவன் வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடுகிறவன் என்று சொல்லிவிடுவேன். அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

யாரிடம் தொழில் கற்றீர்கள் என்று கேட்பார்கள். யாரிடமும் இல்லை என்பேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, பத்து வயதில் ஒரு கூடை டீ கப்போடு நான் நடுரோட்டில் மல்லாந்து கிடந்த சங்கதி.

நான் ஓரிடத்தில் நிற்கிற பிள்ளை இல்லை. சோறு தின்னும்போதே எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டு வந்து அடுத்த கவளம் வைப்பேன். பள்ளிக்கூடத்தில் என்னை உட்காரவைக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். அப்பா பீங்கான் கம்பெனிக்கு மாட்டு வண்டியில் மண் ஓட்டினார். நான் அந்த வண்டியிலேயே கிடப்பேன். மண் பள்ளத்திலிருந்து பாரத்தோடு மேலே ஏறுகிற பாதை ஒரே பள்ளமும் மேடும். வண்டி இடதுபக்கம் சாய்ந்தால் நான் வலதுபக்கம் தாவ வேண்டும். வலதுபக்கம் சாய்ந்தால் இடதுபக்கம். எனக்கு இருந்த எடைக்கு அது வண்டியைக் காப்பாற்றியதா என்பது வேறு விஷயம். நான்தான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பறந்து பறந்து தாவுகிறதே என்று அப்பாவும் விட்டுவிட்டார். அந்தத் தாவல் என் உடம்பிலேயே ஊறிவிட்டது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதே கம்பெனியில் சூளைக்குத் தீப்போடுகிறவர். இரண்டு புருவமும் எப்போதும் பாதி கருகியிருக்கும். அந்தச் சூட்டிலிருந்து வெளியே வர அவருக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. முதலாளி புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். வாங்கிய வாரமே கோயில் பக்கம் ஓட்டிப் போனவர், திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் வந்தார். வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகு ஸ்டேஷனுக்கும் பாங்கிக்கும் ஓட்டிப்போக நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தது. மாமாவுக்கு ஓட்டத் தெரியும். கடலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷம் இருந்தவர். கணக்குப்பிள்ளையின் மச்சானுக்கும் ஓட்டத் தெரியும். முதலாளி யாரிடமும் சாவியைக் கொடுக்காமல் இடுப்பிலேயே செருகிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மெட்ராஸ் வியாபாரி ஒருவர் வந்திருந்தார். புதுக் கப்பைக் காட்டலாம் என்றால் சூளை இன்னும் ஆறவில்லை. அவசரப்பட்டுத் திறந்தால் எல்லாம் வெடித்துவிடும். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் கப்பு வெளியே வந்தது. ரயிலுக்கு அரைமணி நேரம்கூட இல்லை. முதலாளி மடியிலிருந்து சாவியை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"ரயில் கெளம்பறதுக்குள்ள கப்பு அவரு கையில இருக்கணும். இருந்துச்சுன்னா நாளையிலருந்து இந்தச் சாவி ஒன்னுது. இல்லன்னா நீ சூளைக்கிட்டயே கெட."

மூங்கில் கூடையில் வைக்கோல் போட்டுக் கப்புகளை அடுக்கினார்கள். அதைப் பின்னால் ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்க வேண்டும். பெரிய ஆட்கள் எல்லாரும் அந்த வண்டியைப் பார்த்தே பயந்தார்கள். நான் அதற்குள் பின்சீட்டில் ஏறிவிட்டேன்.

"இவனா?" என்றார் முதலாளி. "இவன் ஒரு நிமிசம் சும்மா இருப்பானா?"

"இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மாமா என் பக்கம் குனிந்தார். "டேய் மாப்ள, ஆடக் கூடாது. சாயக் கூடாது. நீ சாஞ்சா கப்பு போச்சு, என் பொழப்பும் போச்சு. தெரிஞ்சிதா?"

தெரிந்தது. ஆடக் கூடாது, சாயக் கூடாது. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் வேறு எந்தப் பாடத்தையும் கேட்டதில்லை.

மாமாவின் வலது கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்னாலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்குவார். வளைவு வருகிறது என்றால், அது வருவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வேகத்தைக் குறைத்துக்கொள்வார். வளைவுக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் கை ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. என்ஜின் ஒரே சுருதியில் முனகும். வளைவு பிரிந்து ரோடு நேரானதும்தான் மறுபடி முறுக்கு.

இதில் இருக்கிற சூட்சுமத்தை நானே கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆனது. டயருக்கு ரோட்டின் மேல் இருப்பது ஒரே ஒரு பிடிதான். ஒரு குடம் தண்ணீர் மாதிரி. குளிக்கவும் அதுதான், குடிக்கவும் அதுதான். வண்டியை வளைக்க அதில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் இருப்பதில்தான் ஓடுவதும் நிற்பதும். வளைவில் சடாரென்று முறுக்கினால் பின் சக்கரம் பிடியை உதறிக்கொண்டு சுழலும். சடாரென்று விட்டால் என்ஜினே பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்; அப்போதும் பிடி போகும். அசையாத கைதான் அந்தக் குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோகிற கை.

முதல் வளைவு இடதுபக்கம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சாயக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே. நான் கூடையை இறுக்கிக்கொண்டு, மாட்டு வண்டியில் செய்கிற மாதிரியே வலப்பக்கம் வளைந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டி ஒருமாதிரி திமிறிக்கொண்டு ரோட்டின் நடுவுக்குப் போனது.

"என்னடா பண்ற பின்னால?" என்று மாமா கத்தினார்.

"சாயாம உக்காந்திருக்கேன் மாமா."

காற்றில் அவருக்கு என்ன காதில் விழுந்ததோ. "ஆங், அப்பிடியே இரு" என்றார்.

அப்படியே இருந்தேன்.

அடுத்தது எங்கள் மண் வண்டிகள் எல்லாம் திரும்புகிற வளைவு. நாள் முழுக்க வண்டியிலிருந்து வெள்ளைக் களிமண் சிந்திச் சிந்தி அந்த இடம் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும். காய்ந்திருந்தால் தூசி பறக்கும், அவ்வளவுதான். அன்றைக்குக் காலையில் ஒரு தூறல் போட்டிருந்தது. ஈரமான வெள்ளை மண் மேல் கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கஞ்சி கொட்டின தரை தேவலை.

மாமா அதைப் பார்த்துவிட்டார். வெகுமுன்னாலேயே கையைத் தளர்த்தி, வண்டியை மெதுவாக்கி, ஆக்ஸிலேட்டரை ஒரே இடத்தில் நிறுத்தி உள்ளே நுழைந்தார். அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கு நானே ஓட்டினாலும் அப்படித்தான் நுழைவேன். வண்டி சாய்ந்தது. நான் எதிர்ப்பக்கம் நிமிர்ந்தேன். இந்தத் தடவை நன்றாகவே நிமிர்ந்தேன்.

பின்னால் இருப்பவன் நிமிர்ந்தால் அதே வளைவுக்கு வண்டி இன்னும் அதிகமாகப் படுக்க வேண்டும். ஒருத்தன் சாயாமல் விட்டதையும் சேர்த்து வண்டி சாய வேண்டும். டயர் ஓரத்துக்குப் போனது. ஓரத்துக்குக் கீழே வெள்ளை மண். வண்டி திரும்ப மாட்டேன் என்று எதிரே இருந்த பள்ளத்தைப் பார்த்து ஓடியது. அந்தத் திடுக்கிடலில் மாமாவின் கை முதல் முறையாக அசைந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டார். பின் சக்கரம் விலகியது. வண்டி ஒருபக்கம், மாமா ஒருபக்கம், நான் வெள்ளை மண்ணில் முதுகை வைத்து வழுக்கிக்கொண்டு போய் நின்றேன். கூடை என் வயிற்றின் மேல் அப்படியே இருந்தது.

மாமாவின் முழங்காலில் ரத்தம். எழுந்ததும் என்னைத்தான் தடவிப் பார்த்தார். பிறகு கூடையை. பிறகுதான் வண்டியை. கிளட்ச் பிடி மடங்கிக் கிடந்தது. உதைத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். நொண்டிக்கொண்டு ஓடுகிறவரை முந்தி நான் ஓடினேன். நாங்கள் பிளாட்பாரத்தில் ஏறியபோது கடைசிப் பெட்டி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து முதலாளி முன்னால் கூடையை வைத்தோம். அவர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன்:

"ஒரு கப்பு கூட ஒடையலீங்க."

"ஒடையலன்னா? அத்தினியும் வரிசையா வச்சி நானே டீ குடிக்கவா?" என்றார். பிறகு மாமாவைப் பார்த்தார். "எப்பிடி வுழுந்த? இந்தப் பய ஆட்டுனானா? நெசத்தச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து அப்பாவின் வண்டி மண்ணோடு வாசலுக்குள் நுழைந்தது. வெள்ளை பூசிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்ததும் அப்பா கயிற்றை இழுத்து மாடுகளை நிறுத்தினார். முதலாளிக்கு ஒரு குணம் உண்டு. பிள்ளை தப்புச் செய்தால் தகப்பன் பிழைப்பில் கை வைப்பார். ஊர்க்காரர் ஒருவருடைய பையன் ஜாடி அடுக்கில் கல் எறிந்தான் என்று, மறுநாளே அந்த மனிதரின் மண் வண்டி நின்றுபோயிருந்தது. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு, மாமா ஏன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று பொறுக்க முடியவில்லை. ஒரு காலில் நின்று மறு காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க" என்றார் மாமா. "பையன் ஆடவே இல்ல. செவுரு மாதிரி உக்காந்திருந்தான். நான்தான் வளைவுல ஆக்ஸிலேட்டர பட்டுனு வுட்டுட்டேன்."

முதலாளி கையை நீட்டினார். மாமா சாவியை வைத்தார். மறுநாளிலிருந்து அது கணக்குப்பிள்ளையின் மச்சானிடம் இருந்தது. மாமா அங்கிருந்து நேராகச் சூளைக்குப் போய், நொண்டிக்கொண்டே விறகு எடுத்துப் போட ஆரம்பித்தார்.

எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னேன். மாமாவுக்கு ஓட்டவே வரவில்லை என்றும், நான் மட்டும் செவுரு மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்றும், அதை மாமாவே முதலாளியிடம் ஒத்துக்கொண்டார் என்றும். சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பா அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்காமலேயே அம்மா இரண்டு முறை சோறு போட்டாள். நான் மாமாவின் எதிரே போய் நின்று, அவருக்குப் புரியட்டும் என்று கையை முறுக்கிக் காட்டிச் சொன்னேன்:

"அடுத்த தடவ வளைவுல ஆக்ஸிலேட்டர வுட்றாத மாமா."

"சரிடா மாப்ள, வுடல" என்றார்.