நாற்பத்தேழாம் பக்கம்

அரசாங்கத்தை எதிர்த்து வழக்கு நடத்தும் வக்கீலுக்கு முதலில் கால் வலுவாக இருக்க வேண்டும். பாதி நாள் கோர்ட்டில் நிற்பதிலும் மீதி நாள் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பி நடப்பதிலும் போய்விடும். வேங்கிக்காலில் வக்கீல் போர்டு மாட்டி இருபத்திரண்டு வருஷமாக நானும் நின்றுகொண்டிருக்கிறேன். பட்டாவுக்கோ பென்ஷனுக்கோ நீங்களும் ஒரு தடவையாவது மனுவும் கையுமாக நின்றிருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே வரிசை என்பதால் மனம்விட்டுச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்

ஏழுமலை கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலை விவசாயி. மனைவி கலைவாணி பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கிராம சபைக் கூட்டத்தில் ஏழுமலை எழுந்து, "நம்ம ஏரியில குப்பை கொட்டலாம்னு எந்தக் கூட்டத்துல தீர்மானம் போட்டீங்க?" என்று கேட்டார். பதில் வரவில்லை. குப்பை லாரிதான் வந்தது. நாற்பது பேர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் எல்லாரையும் வேனில் ஏற்றியது. சாயங்காலம் முப்பத்தொன்பது பேரை அனுப்பிவிட்டு ஏழுமலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நான் ஸ்டேஷனுக்குப் போய், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, அமைதியாகக் கூடுவது அடிப்படை உரிமை என்று ஆரம்பித்தேன். வயதான ஏட்டு ஒருவர் எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஏழுமலை தங்கமான ஆளு சார். கேள்வி கேக்கற பழக்கம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

இருபது நிமிஷமும் நாலு வார்த்தையும்

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, குடிநீர் உரிமை எல்லாவற்றையும் அடுக்கி இருபது நிமிஷம் பேசினேன். நீதிபதி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அரசு வக்கீல் எழுந்து, "பதில் மனுவுக்கு அவகாசம் வேண்டும்" என்றார். கொடுத்தார்கள். அடுத்த வாய்தாவிலும் அதே நாலு வார்த்தை, அதே அவகாசம். மூன்றாவது வாய்தாவுக்கு நான் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது: ஏழுமலை மேல் குண்டர் சட்டம் பாய்ந்துவிட்டது. இனி ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. ஒரு வருஷம் உள்ளேதான்.

கோபத்தில் கேஸ் கட்டைத் தூக்கி மேஜை மேல் விசிறி அடித்தேன். என் குமாஸ்தா ஜலால் பாய் சிதறிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"நீங்க இருபது நிமிஷம் பேசனீங்க, அவரு நாலு வார்த்தை பேசனாரு. கம்மியா பேசறவங்களுக்குத்தான் சார் அங்க மரியாதை."

அதே நாள், பக்கத்து அறை

சென்னையில் மேல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டோம். அடைத்து வைத்தவரைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கிற மனு. எல்லா மனுவையும் விட அவசரமானது என்று சட்டக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். நீதிபதிகள் மரியாதையாகவே பேசினார்கள். ஆள் வெளியே இருந்தால் ஊர் அமைதி கெடும் என்று ஓர் அதிகாரி திருப்திப்பட்டு ஆணை போட்டிருக்கிறார், அந்தத் திருப்தி சரியா தப்பா என்று தாங்கள் பார்ப்பதற்கில்லை என்றார்கள். நாலு வாரம் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்தால் நம்ம ஊர்க்காரர் ஒருவர், வாயெல்லாம் பல்லாக நின்றார். செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர். அனுமதி இல்லாமல் கட்டிய மூன்றாவது மாடிக்கு முந்தின நாள்தான் சீல் வைத்திருந்தார்கள். காலையில் பெரிய வக்கீலைப் பிடித்தாராம்; மத்தியானமே பக்கத்துக் கோர்ட் அறையில் அந்த சீலுக்குத் தடை உத்தரவு கையில். மாடிக்குக் கிடைத்த அவசரம் மனுஷனுக்குக் கிடைக்கவில்லை. அவரோ என் தோளில் தட்டினார்.

"கோர்ட்டுல லேட்டாவுதுன்னு சும்மா கிளப்பி வுடறாங்க சார். நமக்கு இன்னா, காலையில வந்தோம், வேலை முடிஞ்சிது!"

கடைக்காரம்மாவின் கண்

கலைவாணி வேங்கிக்காலில் என் ஆபீசுக்கு வந்தார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாளாம். "உங்கப்பா குண்டராமே" என்று வகுப்பில் கேட்கிறார்களாம். சும்மா இருக்க முடியாமல், எதற்காக அடைத்தோம் என்று அதிகாரிகள் காரணம் காட்டி ஏழுமலைக்குக் கொடுத்திருந்த காகிதக் கட்டை அவர் முன்னால் தள்ளினேன். கைதி அதைப் படித்துத்தான் தன் தரப்பைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நான் அதை மூன்று தடவை படித்திருந்தேன். படித்தேன் என்றா சொன்னேன்? ரிமாண்ட் உத்தரவு வரும் பக்கத்தைப் பார்த்ததும், ஆயிரம் பார்த்தாச்சு என்று புரட்டிவிட்டேன்.

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நான் புரட்டிவிட்ட அதே நாற்பத்தேழாம் பக்கத்தில் கை நின்றது. மேலே இரண்டு வரி, கீழே ஒரு சீல், நடுவில் சாம்பல் பூசினதுபோல் வெறும் மங்கல். அழுகை போய் முகத்தில் கோபம் வந்துவிட்டது.

"இன்னா சார் இது, டோனர் தீந்துபோன மெஷின்ல ஓட்டியிருக்காங்க! என் கடையில இப்பிடிக் குடுத்தா, கஸ்டமர் மூஞ்சியிலயே வீசிட்டுப் போவான்."

ஜெயில் வாசல்

படிக்கிற மாதிரி வேறு நகல் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டோம். பதில் இல்லை. அடுத்த வாய்தாவில் உரிமை, ஏரி, ஜனநாயகம் எதையும் எடுக்காமல் நாற்பத்தேழாம் பக்கத்தை மட்டும் நீட்டினேன். பெரிய நீதிபதி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "படித்துக் காட்டுங்கள்" என்று அரசு வக்கீலிடம் நீட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்து மறுபடி போட்டார். "அவகாசம் வேண்டும்" என்றார். முதல் தடவையாக, "கிடையாது" என்றார்கள். கைதிக்குப் படிக்க முடியாத காகிதம் கொடுத்தது தவறு, ஆணை ரத்து. கேள்வி கேட்டவரை அடைத்தது சரியா என்று ஒரு வரிகூட இல்லை. இருந்தும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஜலால் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஜாமீன் இதற்குள் கிடைத்திருந்ததால் மறுநாளே விட்டார்கள். ஜெயில் வாசலில் மகள் ஓடிப்போய் ஏழுமலையைக் கட்டிக்கொண்டாள். கலைவாணி சற்றுத் தள்ளி நின்று, மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார். ஏழுமலை மகள் தோளில் கை போட்டபடி என்னிடம் வந்து, ஏரியைப் பற்றிக் கோர்ட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தலையை ஆட்டினார்.

"பரவால்ல வுடுங்க சார். அடுத்த கிராம சபைல நானே கேட்டுக்கறேன்."

அவர் கேட்கத்தான் போகிறார், மறுபடி அடைக்கத்தான் போகிறார்கள் என்பதால், கோர்ட்டுகள் அதிகாரிகளின் திருப்தியையும் ஒருநாள் கேள்வி கேட்கத் தொடங்கும் வரை, எந்த அலுவலகமும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் புது டோனர் வாங்கிவிடக் கூடாது என்று அண்ணாமலையாரிடம் ஒரு மனு போட்டு வைத்திருக்கிறேன்.