மின்மினி பார்க்கப் போன படகு

என் பேத்திக்குப் பத்து வயது. பகலில் அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் தெரியாது. சென்ற ஆண்டு கோலாலம்பூரில் ஒரு கண் மருத்துவர், விழித்திரையில் பிறவிக் குறை என்றார். முதலில் இருட்டில் பார்வை மங்கும், பிறகு பக்கவாட்டில் சுருங்கும், இறுதியில் எவ்வளவு எஞ்சும் என்று இப்போது சொல்ல இயலாது என்றார். பெற்றோர் இருவரும் உறவா என்றும் கேட்டார். என் மகளை என் தமக்கையின் மகனுக்கே மணம் செய்து கொடுத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். ஆம் என்று நான்தான் பதில் சொன்னேன். அந்தக் கேள்வியை அதன் பிறகு வீட்டில் யாரும் எழுப்பவில்லை. நானும் இங்கே அதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை.

அன்று காரில் திரும்பும்போதே, இது நமக்குள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மலாக்காவில் நம்மவர் சமூகம் சிறியது. வெள்ளிக்கிழமை கோயிலில் காதில் விழுந்த செய்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் மாநில எல்லையில் உள்ள புலாவ் செபாங் வரை போய்விடும். போகும் வழியில் அது வளரவும் செய்யும். பெண் குழந்தை. நாளை அவளுக்கு வரன் பார்க்கும் காலம் வரும்போது, இன்று கேட்ட ஒரு சொல்லை யாராவது எடுத்து வைப்பார்கள். நான் பல ஆண்டுகள் கோயில் நிர்வாகத்தில் செயலாளராக இருந்தவன்; எத்தனையோ வீட்டுக் கல்யாணப் பேச்சு எப்படி முறிந்தது என்பதை அருகிலிருந்து கண்டவன். ஆகவே குழந்தையிடமும் சொல்லி வைத்தோம். யார் கேட்டாலும் நன்றாகத் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அவள் தலையாட்டினாள். பள்ளியில் சொன்னதைச் சொன்னபடி செய்து பெயர் வாங்கும் பிள்ளை அவள்.

பள்ளி விடுமுறையில் கிராமப்புறத்தில் இரண்டு நாள் தங்கிவரலாம் என்ற யோசனை என் மகளுடையது. அவர்கள் தலைநகரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். நான் மலாக்காவின் தெங்கேராவில் தனியாக இருக்கிறேன். தொலைபேசியில் அவள் சொன்னாள்:

“அப்பா, அவ பாக்கக்கூடிய காலத்துலயே எல்லாத்தையும் காட்டிரணும்ப்பா. எங்க பால்கனியில நின்னா என்னத்த பாப்பா? கீழ கார்தான் தெரியும். ஒரு மரம், ஒரு புழு, ஒரு ஆறு… ஏதாச்சும் அவ மனசுல நிக்கணும்ல?”

நான் மறுக்கவில்லை. மஸ்ஜித் தானாவுக்கு அப்பால், மலாய்க்காரர்கள் வாழும் ஒரு கம்போங்கில், அதாவது கிராமத்தில், வாடகைக்கு விடும் மரவீடு ஒன்றை மருமகன் பிடித்தார். அந்தப் பக்கம் நம்மவர்கள் குறைவு. நான் உடனே ஒப்புக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

தூண்கள்மேல் நின்ற வீடு. பின்னால் ரம்புத்தான் மரங்கள், அதற்கப்பால் ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டம். பேரனுக்கு ஆறு வயது. அவன் காலணி இல்லாமல் புல்லில் இறங்க மாட்டேன் என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“தாத்தா, இங்க வைஃபை இல்லலா! என்ன செய்றது நாள் பூரா?”

“கோழியப் பாருடா,” என்றார் அவன் தந்தை.

“பாத்துட்டேன். அது என்னையவே பாக்குது.”

பேத்தி அப்படியில்லை. வந்திறங்கிய சிறிது நேரத்திலேயே வாய்க்கால் ஓரம் குந்திவிட்டாள். தண்ணீருக்கு மேல் நின்ற தண்டுகளில் நத்தைகள் இட்ட முட்டைகள், இளஞ்சிவப்பு மணிகளைக் கொத்தாக ஒட்டியதுபோல இருந்தன. அவள் அவற்றின் அருகே முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். பிறகு ரம்புத்தான் கிளையில் செவ்வெறும்புகள் இலைகளை ஒட்டிக் கட்டியிருந்த கூட்டைக் கண்டுபிடித்தாள், கடியும் வாங்கினாள். அழவில்லை, சிரித்தாள். அவளுக்கு நேராக இருப்பது எதுவும் தப்பவில்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த கோழிக்கூண்டில் இரண்டு முறை இடித்துக்கொண்டாள். இரண்டு முறையும் என் மகள் வேறு எங்கோ பார்ப்பதுபோல் நின்றதை நான் கண்டேன்.

நண்பகலில் நான் வீட்டு நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன். பேத்தி மரத்தடியில் கண்களை இறுக மூடிக்கொண்டு, உதிர்ந்த இலைகளையும் காய்களையும் கையால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தாள். தம்பியும் இறங்கி வந்துவிட்டான். விளையாட்டு என்று நினைத்து அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

“இது என்னன்னு சொல்லு,” என்றாள்.

“முள்ளு.”

“முள்ளு இல்லடா, ரம்புத்தான். முள்ளு மாதிரி இருக்கும், ஆனா குத்தாது. இது?”

“ஐயே, கோழி பீ!”

“இல்ல, நல்லா தொட்டுப் பாரு. காஞ்ச பட்ட.”

அவன் சிரித்துப் புரண்டான். அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் திறக்காமல் அடுத்ததைத் தேடினாள். அவள் விளையாடவில்லை, பழகிக்கொள்கிறாள் என்பது எனக்குப் புரிய ஒரு கணம்கூட ஆகவில்லை. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நான் எழுந்து வீட்டுக்குள் போய், தேவையில்லாமல் ஒரு குவளை தண்ணீர் குடித்தேன்.

மாலையில் ஆற்றுக்குப் போய் மின்மினி பார்ப்பது மருமகனின் ஏற்பாடு. கரையோர மரங்களில் அவை கூட்டமாக வந்து அமரும். படகில் அழைத்துச் சென்று காட்டுவார்கள். பொழுது சாய்ந்தபின் என்று கேட்டதும் நான் வேண்டாம் என்றேன்.

“மாமா, காசு கட்டியாச்சு. சின்னவனும் ஆசையா இருக்கான்,” என்றார் மருமகன், தாழ்ந்த குரலில்.

“அது வெளிச்சந்தானேப்பா?” என்றாள் மகள். “வெளிச்சம் தெரியும்ல?”

தெரியும் என்று சொல்ல எங்களில் யாருக்கும் அதிகாரம் இல்லை. தெரியாது என்று சொல்ல மனம் இல்லை. கேட்க வேண்டியவளை நாங்கள் கேட்கவில்லை.

படகுத்துறையில் யாரைக் காணக்கூடாது என்று எண்ணியிருந்தேனோ அவர்களே நின்றார்கள். கோயில் நிர்வாகத்தில் என்னோடு நெடுங்காலம் அமர்ந்திருந்த ஒருவரும் அவருடைய மனைவியும். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள், அப்படியே ஆற்றைப் பார்க்க வந்தார்களாம். அந்த அம்மாள் நல்லவர். மலாக்காவில் பாதித் திருமணங்களின் தொடக்கம் அவர் வீட்டுக் கூடத்தில்தான்.

“ஐயாவே கம்போங்குக்கு வந்துட்டாரா! பாருங்களேன், பாலிஷ் போட்ட ஷூவோட சேத்துல நிக்கிறாரு. இனிமே மழ வந்துரும்லா!” என்று சிரித்தார். பிறகு பேத்தியின் கன்னத்தைத் தொட்டார். “இதான் பெரிய பேத்தியா? வளந்துட்டாளே. எத்தனாவது படிக்கிறே பாப்பா?”

பேத்தி நன்றாகப் பதில் சொன்னாள். அந்நேரம் இன்னும் சிறிது வெளிச்சம் இருந்தது. அது குறையக் குறைய என் மகள் அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். பார்ப்பவர்களுக்கு அது தாயின் செல்லமாகவே தோன்றும். அப்படித் தோன்றும்படி பிடிக்க நாங்கள் எல்லோரும் பழகி வைத்திருந்தோம்.

அவர்களும் எங்கள் படகிலேயே ஏறினார்கள். படகோட்டி மலாய்க்கார இளைஞர். மிதவை அங்கியை மாட்டிவிட்டபடியே, கைப்பேசி விளக்கு கூடாது, டார்ச் கூடாது, வெளிச்சம் பட்டால் மின்மினி அணைந்துவிடும் என்று எச்சரித்தார். ஆற்றில் முதலை உண்டு, கையை வெளியே நீட்டினால் அதற்கு இராச்சாப்பாடு என்று சிரித்தார். பேரன் இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.

ஆறு சீக்கிரம் கறுத்துவிட்டது. ஒரு வளைவைத் தாண்டியதும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். நீர் படகில் மோதும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு என் பேரனின் குரல்.

“அக்கா! அக்கா, அங்க பாரு! தீபாவளி லைட்டு மாதிரி! பிளிங்க் பண்ணுது!”

“அடியம்மா,” என்றார் அந்த அம்மாள். “மரமே தெரியல, வெறும் வெளிச்சந்தான். பாப்பா, பாத்தியாம்மா?”

நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்வரிசையில், தாயின் தோளை ஒட்டி அமர்ந்திருந்தாள்.

“ஆமா ஆண்ட்டி,” என்றாள். “ரொம்ப அழகா இருக்கு. நெறைய இருக்கு.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டி அதைக் காட்டினாள். மரங்கள் எங்களுக்கு இடப்புறம் இருந்தன. அவள் கை படகின் முன்னால், வெறும் ஆற்றை நோக்கி நீண்டிருந்தது.

“அங்க இல்லக்கா, இந்தப் பக்கம்!”

“அங்கயும் இருக்குடா. நீதான் சரியா பாக்கல.”

தடுமாற்றம் இல்லாத குரல். சிறிதும் தாழாமல், சிறிதும் உயராமல், கேட்பவர் மேலும் கேள்வி கேட்காதபடி வாசலைச் சாத்தும் குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கோயில் கூட்டங்களில் நான் பேசுவது அப்படித்தான். இப்போது அது பத்து வயதுப் பிள்ளையின் தொண்டையிலிருந்து வந்தது. அவள் அருகில் என் மகள் மூச்சை அடக்கி அழுவது கேட்டது. நீட்டிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் பேத்தி நெடுநேரம் அப்படியே வைத்திருந்தாள். அந்தக் கையைவிட்டு என் கண் அகலவில்லை.

திரும்பி வந்தபோது கடல் இறக்கத்தால் ஆற்று நீர் வடிந்திருந்தது. படகு துறையைவிடத் தாழ்ந்து நின்றது. இடையில் ஓர் இடைவெளி, வழுக்கும் பலகை. படகோட்டி கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மருமகன் தூங்கிவிழும் மகனைத் தூக்கிக்கொண்டு முதலில் ஏறினார். மகள் எழுவதற்குள் அந்த அம்மாள், “வா பாப்பா, ஆண்ட்டிகூட வந்துரு,” என்று அன்போடு பேத்தியின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். விளிம்புக்கு வந்ததும், தான் ஏறுவதற்காகப் புடவையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையை விட்டுவிட்டார்.

பேத்தி படகின் விளிம்பில் தனியாக நின்றாள். ஒரு காலைத் தூக்கி முன்னால் நீட்டினாள். அந்தக் கால் காற்றில் இங்கும் அங்கும் தேடியது. அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. துறையிலிருந்து வந்த மங்கிய ஒளியில் அவள் முகம் தெரிந்தது. அவள் புன்னகை செய்துகொண்டிருந்தாள்.

“புள்ளையப் பிடிங்க! அவளுக்கு இருட்டுல கண்ணு தெரியாது!”

அவ்வளவு உரக்க நான் பொது இடத்தில் பேசியதில்லை. உடனே மலாயிலும் படகோட்டியிடம் கத்தினேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு ஒரே எட்டில் வந்து குழந்தையை இடுப்போடு தூக்கித் துறையில் நிறுத்தினார். எல்லோரும் கைப்பேசி விளக்கைப் போட்டார்கள். அத்தனை வெளிச்சத்தின் நடுவே அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஐயோ, புள்ளைக்கா? நம்ம புள்ளைக்கா?” என்றார் அந்த அம்மாள். அவர் கணவர், “ஐயா, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே,” என்றார். இருவர் கண்களிலும் இரக்கம் இருந்தது. என் வாழ்நாளில் நான் யாரிடமும் வாங்காதது அது. நன்றி சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தேன்.

காரில் பின்னிருக்கையில் பேத்தி என் பக்கத்தில் இருந்தாள். செம்பனைத் தோட்டம் முடிந்ததும், கண்ணாடிப் பக்கம் திரும்பியபடியே கேட்டாள்:

“ஏன் தாத்தா சொன்னீங்க?”

“நீ விழுந்திருப்பேம்மா.”

“விழுந்தா எந்திரிச்சிருப்பேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன்ல? நான் நல்லாத்தானே செஞ்சேன்? அந்த ஆண்ட்டிக்குத் தெரியவே இல்ல.”

“நல்லாத்தான் செஞ்சே.”

“அப்பறம் ஏன்? நீங்கதானே சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க.”

முன்னிருக்கையில் என் மகளும் மருமகனும் திரும்பவில்லை. பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னிடமிருந்து விலகி அமர்ந்தாள்.

மறுநாள் காலை என் கைப்பேசி பலமுறை ஒலித்தது. எடுத்தேன். அந்த அம்மாள் அர்ச்சனை செய்வதாகச் சொன்னார். வேறொருவர் ஒரு மருத்துவரைப் பற்றிச் சொன்னார். ஆம், உண்மைதான் என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன்.

மகளும் மருமகனும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பேத்தி என்னிடம் வந்தாள். நல்ல வெயில். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“தாத்தா, மின்மினி என்ன கலரு?”

நான் யோசித்தேன். எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

“தெரியலம்மா. நான் பாக்கல.”

“படகுலதானே இருந்தீங்க?”

“ஒன்னோட கையையே பாத்துக்கிட்டிருந்தேன். மரத்துப் பக்கம் திரும்பவே இல்ல.”

அவள் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நத்தை முட்டைகளைப் பார்த்ததுபோல, மிக அருகில் வந்து, வெகு நேரம் பார்த்தாள்.

“பொய் சொல்றீங்க,” என்று சொல்லிவிட்டுத் தம்பியைத் தேடிப் போனாள்.

அவன் படிக்கட்டின் கீழே கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தான். அவள் அவனை உட்கார வைத்தாள்.

“மஞ்சளா, பச்சையா?” என்று கேட்டாள்.

“ரெண்டும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. எப்படி சொல்றதுலா…”

“எவ்ளோ பெருசு? எல்லாம் ஒண்ணா அணையுமா, தனித்தனியா அணையுமா?”

அவன் கைகளை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துக் காட்டினான். அது போதாது என்று அவள் சொல்ல, வாயால் சொல்லத் தொடங்கினான். மேலே படியில் நின்றிருந்த நானும் நகராமல் கேட்டேன்.